படிகாரம் போட்டுத் தெளிந்த தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குழாயில் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். என் மாமியார் படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றி, இரவெல்லாம் வைத்து, காலையில் தெளிந்ததைக் கொடுப்பார். போன வாரம் என் 4 வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. படிகாரம்தான் குடலைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் ஒரே சண்டை. மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு வேறு. படிகாரத்தை நிறுத்திவிடட்டுமா?

பதில்: பையனுக்கு இன்னும் நிற்கவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம். ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்துக் கரைத்து, ஒவ்வொரு முறை வெளியே போன பிறகும் கொடுங்கள். கூடவே ஜிங்க் மாத்திரை, போக்கு இரண்டு நாளில் நின்றுவிட்டாலும் 14 நாளும். சிறுநீர் சரியாகப் போகவில்லை, கண் குழி விழுந்துவிட்டது, துவண்டு கிடக்கிறான், மலத்தில் ரத்தம் தெரிகிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, படிகாரத்துக்கு வருவோம். நாலு சுற்றுச் சுற்றிய படிகாரம் வயிற்றுப்போக்கைக் கொண்டுவராது. அளவு மிஞ்சினால் வாய் துவர்க்கும், வயிறு புரட்டும், அவ்வளவுதான். பையனைப் படுக்கவைத்தது பெரும்பாலும் தண்ணீரில் இருந்த கிருமி. உங்கள் மாமியார் செய்வது தவறான வேலை இல்லை, பாதி வேலை.

வண்டல் மண்ணின் நுண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பதால்தான் கலங்கல் தானாகச் சீக்கிரம் அடங்குவதில்லை. படிகாரம் கரைந்ததும் அந்தத் துகள்களெல்லாம் பஞ்சுபோல் திரண்டு கனத்து அடியில் இறங்குகின்றன. நம் பக்கத்துப் பாட்டிமார் பானையில் உரைத்த தேற்றாங்கொட்டை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், பெரிய குடிநீர் நிலையங்களிலும் ஆற்றுத் தண்ணீருக்கு முதலில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே அதோடு நிறுத்துவதில்லை, வடிகட்டி, பிறகு குளோரின் கலக்கிறார்கள். மண்ணோடு சேர்ந்து கிருமிகளும் ஓரளவு கீழே போகும் என்பது உண்மை, ஆனால் அவை சாகவில்லை, அந்த வண்டலில் உயிரோடு கிடக்கின்றன, மேலே கண்ணாடி போல் நிற்கும் தண்ணீரிலும் வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலையைக் கொண்டுவரப் போதுமான அளவு மிச்சம் இருக்கும். தெளிந்துவிட்டது என்று நம்பிக் குடித்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன், அதுவும் பெரும்பாலும் குழந்தைகள், மனசு ஆறுவதே இல்லை.

அதனால் நிறுத்த வேண்டாம், மீதிப் பாதியையும் செய்யுங்கள். 15 லிட்டர் குடத்துக்குக் கொண்டைக்கடலை அளவு படிகாரமே போதும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் நாலைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, மூடி ஆடாமல் அசையாமல் வையுங்கள். தெளிந்த பிறகு குடத்தைக் கவிழ்க்காமல் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு, நாலாக மடித்த சுத்தமான வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடி வண்டலைக் கிணற்றடியிலோ அடிபம்புப் பக்கமோ ஊற்றக் கூடாது. இதற்குப் பிறகு கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும், தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டால் போதும். சிலிண்டருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளோரின் மாத்திரை கேளுங்கள், அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று இருக்கிறதோ அதன்படி போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கலங்கல் தண்ணீரிலேயே மாத்திரையைப் போட்டால் குளோரினை மண்ணும் அழுக்குமே தின்றுவிடும், அதனால் படிகாரம் முதலில், குளோரின் பிறகு. தெளிவாக வரும் நாட்களில் படிகாரமே வேண்டாம். உப்பையும் வயலில் அடித்த மருந்தையும் அது எடுக்காது.

மாமனார் விஷயம் வேறு. படிகாரம் ஓர் அலுமினிய உப்பு. நாம் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை, சேர்வதையும் நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது, சேர்ந்து சேர்ந்து எலும்பையும் மூளையையும் தொடும். 1970களில் டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் நோயாளிகளுக்குப் பேச்சுக் குழறி, நினைவு தவறிப்போனது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த கதை. அவருக்குத் தனிக் குடம் வையுங்கள், படிகாரம் படாத தண்ணீரைத் தானாக அடங்கவிட்டு, வடிகட்டி, கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொன்னபடி. நெஞ்செரிச்சல் என்று கடையில் வாங்கும் பல சிரப்புகளிலும் அலுமினியம் இருக்கிறது, கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. தெளிவாக வந்துகொண்டிருந்த குழாயில் மழை வந்ததும் மண் வருகிறது என்றால் வழியில் எங்கோ குழாய் உடைந்திருக்கலாம், மண் நுழைகிற ஓட்டையில் சாக்கடையும் நுழையும். தெருவில் யாராவது குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம், பக்கத்து வாய்க்கால் தண்ணீரையே அது இழுத்துக்கொள்ளும். தெருவில் வேறு குழந்தைகளுக்கும் போக்கு இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் இன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பஞ்சாயத்திலும் சொல்லுங்கள்.