பலூனுக்கு அடியில யாரு?

வணக்கம் அண்ணா,

நான் செந்தூல்ல இருக்கேன், வயசு 24. எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவங்க. தோட்டத்த வித்த பிறகு கோலாலம்பூருக்கு வந்து, இப்பவும் எங்ககூட ப்ளாட்லதான் இருக்காங்க. அவங்க கதைய மூணு பாகம், 450 பக்கத்துல கிராஃபிக் நாவலா பண்ணப் போறேன். என் ப்ரெண்டு வரையுறா. பேரு, லோகோ, இன்ஸ்டா பேஜ் எல்லாம் ரெடி, டீ-ஷர்ட்கூட அடிச்சாச்சு. பதிப்பாளர தேடணுமா, நானே போடலாமா? மானியத்துக்கு மனு போடலாமா? ஏஐ வச்சா சீக்கிரம் முடியும்னு சொல்றாங்க, சரியா? வரையுறவளுக்கு எவ்வளவு பங்கு குடுக்கணும்? தமிழ்ல காமிக்ஸ் படிக்க இங்க ஆளே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, அதான் பயமா இருக்கு. மாதிரிக்கு ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கேன்.

(பேர் போட வேண்டாம்)

—

தங்கச்சி,

வயச நீயே சொல்லிட்டதால நீன்னே கூப்பிடுறேன், கோவிச்சுக்காத.

உன் கடிதம் வந்த நேரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அப்பத்தான் பாகான் ஆஜாம்ல இருக்குற என் பழைய கூட்டாளி வீட்டுக்கு போயிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன், மனசு சரியில்ல, யாருகிட்டயாச்சும் பேசணும் போல இருந்துச்சு, அந்த நேரம் பார்த்து நீ மாட்டிக்கிட்ட. வழக்கமா இந்த மாதிரி கடிதத்துக்கு ரெண்டு வரியில வாழ்த்து சொல்லி அனுப்பிடுவேன். உன் ரெண்டாவது பக்கத்த பார்த்த பிறகு அப்படி விட முடியல.

முதல்ல திட்டிடுறேன். 450 பக்கத்துல வரைஞ்சது ரெண்டு பக்கம், அதுக்குள்ள டீ-ஷர்ட்டா? பொண்ணே இன்னும் பார்க்கல, மண்டபத்துக்கு சீரியல் லைட்டு போட்டாச்சு. லோகோவ நானும் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு, அந்த லோகோவுக்கு எத்தன ராத்திரி உட்கார்ந்திருப்பன்னு எனக்கு தெரியும், ஏன்னா நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், கதை எழுத பயமா இருக்குறப்ப லோகோ வரையுறது ரொம்ப சுகமான வேலை லா.

மத்த கேள்விங்கள சட்டுனு முடிச்சிடுவோம். ஏஐ பத்தி பேச எனக்கு ஒண்ணும் இல்ல, உன் ப்ரெண்டு உன் பாட்டி கைய நேர்ல பார்த்து வரைஞ்சிருக்கான்னு அந்த பக்கத்தப் பார்த்தாலே தெரியுது, அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வி. மானியம் கிடைச்சா வாங்கிக்க, ஆனா அத நம்பி காலண்டர் போடாத. நம்ம நாட்டுல பிறந்து சிங்கப்பூர்ல இருக்குற சோனி லியூவுக்கு 2015-ல புத்தகம் வர்ற நேரத்துல 8,000 சிங்கப்பூர் வெள்ளி மானியத்த கலை மன்றம் திருப்பி எடுத்துக்கிச்சு, 2017-ல அதே புத்தகத்துக்கு, காமிக்ஸுக்குன்னே அமெரிக்காவுல குடுக்குற ஐஸ்னர் விருது மூணு கிடைச்சுது. பதிப்பாளரும் அப்படித்தான், வந்தா வரட்டும்.

ஆள் இல்லன்னு சொல்ற அந்த "எல்லாரும்" யாரு? அவங்க வீட்டுல கடைசியா எந்த தமிழ் புத்தகம் வாங்கினாங்கன்னு கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம். 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பத்திரிகை 2019-ல நின்னப்பவும் இதே ஆளுங்கதான் "நான் அப்பவே சொன்னேன்"னு சொல்லிக்கிட்டு திரிஞ்சாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க ஊரு முடிவெட்டுற கடையில கீலா-கீலா இதழ் அட்டை கிழிஞ்சு கிடக்கும், 1978-ல ஆரம்பிச்ச மலாய் நகைச்சுவை இதழ் அது, வரிசையில உட்கார்ந்திருக்குற தமிழ் பையனுங்க எல்லாம் அதத்தான் புரட்டுவோம், நம்ம முறை வந்தாக்கூட பக்கத்துல உள்ளவன முதல்ல போடான்னு அனுப்பிட்டு படிச்சுக்கிட்டு இருப்போம். படம் போட்ட கதைக்கு ஆள் இல்லாம போகாது. நாம தமிழ்ல போடலன்னா வேற பாஷையில படிச்சுக்குவாங்க, அவ்வளவுதான்.

சரி, ரெண்டாவது பக்கம்.

மூணாவது கட்டத்துல பாட்டி மரம் சீவுறாங்க. தலையில விளக்கு, அந்த வெளிச்சம் பட்டையில வட்டமா விழுது, கை விரல் உளிய புடிச்சிருக்கு, கீழ பால் புடிக்குற மங்கு. உன் ப்ரெண்டு அந்த வெளிச்சத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் எடுத்திருப்பா. அதுக்கு மேல நீ ஒரு வசன பலூன் போட்டிருக்க: "அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரம் சீவப் போவேன், என் கைகள் மரத்துப்போகும்." எண்ணிப் பார்த்தேன், 14 சொல்லு. தலையில விளக்கு இருக்குறது படத்துலயே தெரியுது, இருட்டும் தெரியுது, மரமும் தெரியுது. உன் பலூன் எங்க உட்கார்ந்திருக்கு தெரியுமா? உளி பட்டையில இறங்குற அந்த சாய்ஞ்ச கோட்டு மேல. எந்தக் கோட்ட சீவித்தான் உன் குடும்பம் சோறு தின்னுச்சோ, அத மறைச்சு வச்சுட்டு அதப் பத்தி பேசிக்கிட்டு இருக்க.

அதுவும் இல்லாம, பாட்டி இப்படியா பேசுவாங்க? "கட்டிக்கொண்டு"ன்னு வீட்டுல எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா? பக்கத்துலதானே இருக்காங்க, போய் கேளு. "கை மரத்துப் போயிரும் கண்ணு"ம்பாங்க. நாலு சொல்லு, கட்டத்தோட மூலையில அடங்கிடும், உளியும் தெரியும்.

நம்ம எழுத்துக்கு எடம் நிறைய வேணும்மா. இத யாரும் சொல்லித் தர்றதே இல்ல, அதனால நான் எங்க போனாலும் இதயே பேசி எல்லாரையும் அறுக்கிறேன். இங்கிலீஷ் காமிக்ஸ்ல எல்லாம் பெரிய எழுத்து, தலை வால் இல்லாம செங்கல் மாதிரி அடுக்கிடலாம். நம்மளுக்கு மேல புள்ளி, விசிறி, முன்னாடி கொம்பு, கீழ "தூ", "ழு", "ரூ" எல்லாம் வால நீட்டிக்கிட்டு நிக்கும். வரிய நெருக்கி வச்சா மேல் வரியோட வால் கீழ் வரியோட புள்ளிய குத்தும், படிக்கிறவனுக்கு "க்"கா "கு"வான்னு தெரியாது. சொல்லும் நீளம், பலூனுக்குள்ள ஒடிக்க வேண்டி வரும், ஒடிச்சா "போய்க்கொண்டி" ஒரு வரியில, "ருக்கிறேன்" அடுத்த வரியில, பார்க்கவே பாவமா இருக்கும். முத்து காமிக்ஸ் 1972-ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, இந்தியாவுக்கு போயிட்டு வந்த மாமா ஒருத்தர் அந்த வரிசையில சில பழைய புத்தகம் கொண்டு வந்து குடுத்தார், பிரிட்டிஷ் காமிக்ஸ், பலூன் எல்லாம் இங்கிலீஷுக்கு அளவெடுத்து தச்சது. அதுக்குள்ள தமிழ திணிச்சா வேற என்ன ஆகும், எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும், நான் பேட்டரி லைட்ட கிட்ட வச்சு படிச்சேன். அவங்கள குறை சொல்ல மாட்டேன், அவங்களுக்கு வேற வழி இல்ல. உனக்கு இருக்கே! மிச்சப் பக்கத்துல உன் பலூன் எல்லாம் இன்னும் காலியாத்தானே இருக்கு. தமிழ கம்ப்யூட்டர்ல டைப் பண்ண வச்ச முரசு அஞ்சல நம்ம ஊரு முத்து நெடுமாறன் செஞ்சு எத்தன வருஷம் ஆச்சு, எழுத்து வந்துருச்சு, அதுக்கு உட்கார பாய் போட மட்டும் நாம இன்னும் கத்துக்கல. வரையுறதுக்கு முன்னாடியே வசனத்த கையால எழுதி கட்டத்துல ஒட்டிப் பாரு, முதல்ல எழுத்து, அப்புறம்தான் முகம் எங்க நிக்கணும்னு முடிவு. நம்ம நாட்டு கார்ட்டூனிஸ்ட் லாட் 1979-ல போட்ட "கம்போங் பாய்" புத்தகத்த எடுத்துப் பாரு, பக்கம் முழுக்க படம், எழுத்து அவரோட கையெழுத்துலயே படத்துக்கு வழி விட்டு ஓரமா நிக்கும். எழுதுறதும் வரையுறதும் ஒரே கையா இருந்தா சண்டையே வராது. நம்மள மாதிரி வரையத் தெரியாதவங்கதான் பேசியே கெடுப்போம்.

கெடுத்தவன் சொல்றேன். என் முதல் புத்தகம் 2011-ல, 48 பக்கம், 300 பிரதி. பட்டர்வொர்த்ல இருந்து தினம் கடல் தாண்டுற பெரி கப்பல் ஏறி பினாங்குத் தீவுல லெபோ பசார்ல ஜவுளிக்கடை வேலைக்கு போற ஒரு பையனோட கதை. அப்போ பெரிக்கு இந்தப் பக்கம் ஏறினா 1 வெள்ளி 20 காசு, அந்தப் பக்கத்துல இருந்து நடந்து ஏறி திரும்பி வர்றதுக்கு காசு கிடையாது, அத வச்சுத்தான் கதையே. வரைஞ்சது பாகான் ஆஜாம் கூட்டாளி, பிறைங்கற ஊருல பேக்டரியில நைட் ஷிப்ட், காலையில வந்து குளிச்சிட்டு தூங்காம வரைவான், எட்டு மாசம். அச்சு விஷயத்துல நடந்த கூத்து தனி, ஒரு சின்ன பிரஸ், பேர் வேண்டாம், அவங்க கம்ப்யூட்டர்ல பைல திறந்தப்ப ஐகாரக் கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னாடி நிக்க வேண்டியது பின்னாடி போய் நின்னுருச்சு. பிரஸ் வச்சிருந்த சீன அங்கிளுக்கு தமிழ் தெரியாது, அவர் கண்ணுக்கு எல்லா எழுத்தும் அழகாத்தான் இருந்துச்சு. ப்ரூப் பார்க்காம "ஓகே அங்கிள்"னு சொன்னது நான். நாப்பது பக்கத்துல "கை", "தலை" எல்லாம் கொம்பு இடம் மாறிப் போய் கிடந்துச்சு. எழுத்த எல்லாம் அவுட்லைனா, அதாவது படமா மாத்திட்டு பிடிஎஃப் குடு, அச்சடிச்ச ஒரு பிரதிய கையில வாங்கி வரிக்கு வரி விரல் வச்சு படிச்சிட்டு அப்புறம் சரின்னு சொல்லு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. போன ஞாயிறு அவன் வீட்டுல பழைய ஒரிஜினல் பக்கங்கள எடுத்துக் காட்டினான், பிஸ்கட் டின்னுக்கு அடியில நியூஸ்பேப்பர்ல சுத்தி வச்சிருந்தான். பதினேழாம் பக்கம், பெரி உள்ள. புத்தகத்துல அந்தப் பக்கத்துல பாதிய என் பலூன் அடைச்சிருக்கும், பையன் மனசுக்குள்ள பேசுறான், "இந்தக் கடல் என் வாழ்க்கையைப் போல"ன்னு ஆரம்பிச்சு 41 சொல்லு. பக்கத்துலயே அவன் கடல வரைஞ்சிருக்கான்! ஒரிஜினல்ல பலூன் இல்லயா, அதனால அடியில இருந்தது தெரிஞ்சுது. பெஞ்சுல ஒரு அம்மா, நனைஞ்ச குடைய மடக்கி காலுக்கு நடுவுல நிறுத்தி வச்சிருக்காங்க, தரையில தண்ணி ஓடுது, அவங்க தோள்ல ஒரு பள்ளிக்கூடப் பையன் சாய்ஞ்சு தூங்குறான். அவங்க பிள்ளை இல்ல, ஒட்டாம உட்கார்ந்திருக்குற தோரணையிலயே தெரியுது, ஆனா எழுந்துருவானோன்னு தோள அசைக்காம வச்சிருக்காங்க. பென்சில்ல குடையோட கம்பி ஒவ்வொண்ணும் எண்ணலாம்.

நான் பதினாலு வருஷமா அந்த அம்மாவ பார்த்ததே இல்ல. அவன் ஸ்கேன் பண்ணி குடுத்தப்ப சின்னதா பார்த்திருக்கணும், பார்க்கல, எனக்கு என் 41 சொல்லுதான் கண்ணுல இருந்துச்சு. "ஏன்டா அப்பவே சொல்லல"ன்னு கேட்டேன். "நீ அப்போ ரொம்ப பேசுவ லா"ன்னு சொல்லிட்டு தேத்தண்ணி கலக்க எழுந்து போயிட்டான். இப்போ அந்தப் பழைய பெரியும் இல்ல, 2020 முடிவோட நிறுத்திட்டாங்க.

நீ கேட்டதுக்கு வர்றேன், இல்லன்னா திட்டுவ. 450 பக்கத்த மூட்டை கட்டி வை. பாட்டியோட ஒரே ஒரு காலையில, மூணு மணிக்கு எழுந்ததுல இருந்து பால எடை போடுற வரைக்கும், 16 பக்கம். ஏ4 தாள் நாலு எடுத்து நடுவுல மடிச்சா 16 பக்கம் வந்துரும், நடுவுல ரெண்டு ஸ்டேப்ளர் பின். ரெண்டு பக்கமும் போட்டோஸ்டேட் எடுத்தா எட்டு தடவ அடிக்கணும், ஒண்ணு பத்து காசுன்னா 80 காசு, கலர் அட்டை போட்டாலும் ரெண்டு மூணு வெள்ளிதான். 50 பிரதி போதும். அதுக்கு மேல அச்சுக்கு போறப்ப தேசிய நூலகத்துல ஐஎஸ்பிஎன்ங்கற புத்தக நம்பர் வாங்கு, 1986-ம் வருஷச் சட்டப்படி அஞ்சு பிரதி அவங்களுக்கு அனுப்பணும், அச்சகத்தோட பேரும் உன் பேரும் விலாசத்தோட உள்ள இருக்கணும். "மாத இதழ்"னு மட்டும் அட்டையில போட்டுத் தொலைக்காத, தொடர்ந்து வர்ற இதழுக்கு உள்துறை பெர்மிட் வேணும், 2009-ல கார்ட்டூனிஸ்ட் சூனாரோட இதழ பெர்மிட் இல்லன்னு சொல்லித்தான் அள்ளிக்கிட்டு போனாங்க. ஒவ்வொண்ணும் தனிப் புத்தகம், தனித் தலைப்பு, அப்படி வச்சுக்க.

பங்கு எவ்வளவுன்னு கேட்டியே, பாதிக்குப் பாதி. கணக்கு பார்த்தா அவளுக்குத்தான் கூட வரணும், நீ ஒரு பக்கம் எழுதுறது ஒரு மணி நேரம், அவ வரையுறது ரெண்டு நாள். அட்டையில அவ பேரும் உன் பேரும் ஒரே சைஸ். இத பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்குங்க, இப்பவே, ப்ரெண்டா இருக்குறப்பவே.

16 பக்கம் முடிஞ்சா பினாங்குக்கு வா. ஜாலான் குருத்வாராவுல ஹின் பஸ் டிப்போ ஞாயிறு சந்தையில எனக்குத் தெரிஞ்சவங்க மேசையில பாதி வாங்கித் தர்றேன், கூட்டாளியும் வருவான், உன் ப்ரெண்டு பக்கத்த அவன் பார்க்கணும்னு ஆசைப்படுறான், உன் வசனத்த பத்தி அவன் ஒண்ணும் கேட்கல. பலூன் இல்லாத ஒரிஜினல கொண்டு வரச் சொல்லு.

அந்த டீ-ஷர்ட்டுல எல் சைஸ் ஒண்ணு எனக்கு எடுத்து வை.