“அப்புறம் மாத்திக்கலாம்” என்று நம்பிச் சேரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தேன். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 168. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். கவுன்சிலிங்கில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கலாம் என்கிறார்கள். பி.எஸ்சி. கணிதத்துக்கும் பி.ஏ. பொருளாதாரத்துக்கும்கூட விண்ணப்பித்திருக்கிறேன். கணக்கு பிடிக்கும். பட்ஜெட் செய்தி வந்தால் உட்கார்ந்து படிப்பேன். பிசிக்ஸ் லேப் மட்டும் அலுப்பு. எது வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. “ஏதாவது ஒண்ணுல சேரு, பிடிக்கலேன்னா அப்புறம் மாத்திக்கலாம்” என்கிறார் சித்தப்பா. அப்பாவும் அதையே சொல்கிறார். உண்மையிலேயே மாற்ற முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை-49

பதில்: அன்புத் தங்கைக்கு,

எது வேண்டும் என்று தெரியாமல் இருப்பது ஒரு குறையே இல்லை. பொருளாதாரம் என்று நீ பார்த்ததெல்லாம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசியில் வந்த சில பாடங்கள். எலக்ட்ரானிக்ஸ் என்று பார்த்தது பிளஸ் டூ பிசிக்ஸில் ஒரு அத்தியாயம். இதை வைத்துக்கொண்டு முடிவு சொல் என்றால் யாருக்குத்தான் வரும்?

சித்தப்பா சொல்வது பாதி உண்மை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் துறையைச் சொல்லாமலே சேர்ந்து, பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு வாக்கில் மேஜரை, அதாவது முதன்மைத் துறையை, அறிவிக்கலாம். நம் ஊரில் சீட்டே துறையின் பெயரில்தான் வருகிறது. கவுன்சிலிங்கில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்தேதான் ஒதுக்குவார்கள். அதனால் இங்கே மாறுவது எளிதா கஷ்டமா என்பது, எதிலிருந்து எதற்கு, எப்போது மாறுகிறாய் என்பதைப் பொறுத்தது.

முதலில் இன்ஜினியரிங். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக இருந்தது. மேட்ரிக்ஸ்-கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று எல்லாரும் ஒன்றாகத்தான் படித்தார்கள். சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளில் கொஞ்சம் வேறுபடும். பிரிவு மாற அனுமதிக்கும் கல்லூரிகளில் அது வழக்கமாக இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் நடக்கும். அதற்குக் காலியிடம் இருக்க வேண்டும், முதல் ஆண்டில் நல்ல மதிப்பெண் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. ஆனால் எல்லாரும் ஓடுவது கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம். அங்கே சேர்ந்தவர்கள் லேசில் இடத்தை விடுவதில்லை. ஆகவே அங்கே மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் இசிஇ-யில் சேராதே. கல்லூரிக்குப் போனால், “பிரிவு மாற்றம் உண்டா?” என்று கேட்காதே. “போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எந்தப் பிரிவுக்கு?” என்று கேள்.

கலை அறிவியல் கல்லூரியில் கதை வேறு. சேர்ந்த முதல் சில வாரங்களில், இடம் காலியாக இருந்தால், முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து மாறிவிடலாம். பல்கலைக்கழகத்தில் உன் பெயரைப் பதிவுசெய்யும் வரைதான் இந்தச் சலுகை. அதன்பிறகு பொருளாதாரத்திலிருந்து கணிதத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அடுத்த வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மாறும்போது ஷிப்டையும் பார். காலை நேர அரசு உதவிபெறும் பிரிவுக்கும் மதிய நேர சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

இந்த மாற்றங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டம் முடித்தபின் எந்தத் துறைக்குப் போகலாம் என்பது. பி.இ. முடித்துவிட்டு எம்.ஏ. பொருளாதாரம் சேர்பவர்கள் உண்டு. கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு அப்படி வரும் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு நேரடியாக வர முடியாது. பி.எஸ்சி. கணிதம் இரண்டு பக்கமும் போகும். முதுகலையில் புள்ளியியலோ பொருளாதாரமோ எடுக்கலாம், எம்.சி.ஏ. போகலாம், பி.எட். படித்து ஆசிரியராகலாம். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில்கூடச் சேரலாம். கணக்கு பிடிக்கும், ஆனால் முடிவெடுக்கத் தெரியவில்லை என்கிற உன்னைப் போன்ற பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது பி.எஸ்சி. கணிதத்தைத்தான். இசிஇ-யை நான் சொல்ல மாட்டேன். பிசிக்ஸ் லேப் அலுப்பு என்று நீயே எழுதியிருக்கிறாய். நாலு வருஷம் அந்த அலுப்போடு போராடினால் அரியர்தான் சேரும், அரியர் சேர்ந்தால் மாறவும் முடியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிளஸ் டூவில் கணக்கு என்றால் விடையைக் கண்டுபிடிப்பது. டிகிரியில், முக்கியமாக ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் வரும்போது, ‘நிரூபி’ என்றுதான் கேள்வி இருக்கும். பக்கம் முழுக்க எண்ணே இல்லாத கணக்கு அது. சென்டம் வாங்கிய பிள்ளைகள்கூட அங்கே திகைத்து நிற்பார்கள், வேறு சிலர் அங்கேதான் முதல்முறையாகக் கணக்கை ரசிப்பார்கள். நீ எந்த ரகம் என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருநாள் போய், ஒரு ரியல் அனாலிசிஸ் புத்தகம், ஒரு மைக்ரோ எகனாமிக்ஸ், ஒரு சர்க்யூட்ஸ் புத்தகம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தை மெதுவாகப் படி. புரியவில்லை என்றால் கவலைப்படாதே. புரியாதபோதும் எந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாய் என்று மட்டும் கவனி. அப்புறம் மூன்று படிப்பின் பாடத்திட்டத்தையும் எடுத்து, மூன்றாவது, ஐந்தாவது செமஸ்டர்களில் என்ன இருக்கிறது என்று பார். முதல் செமஸ்டரைப் பார்த்து ஒரு படிப்பை எடைபோட முடியாது.

பொருளாதாரப் புத்தகம்தான் உன்னை இழுத்தது என்றால் தயங்காமல் பி.ஏ.வில் சேர். துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ இருக்கும் கல்லூரியாகத் தேடு. கம்ப்யூட்டர் பக்கமும் ஆசை இருந்தால், ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை எந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டும் சேர்த்துப் படிக்கலாம். இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஐஐடி படிப்பில் ஃபவுண்டேஷன் என்கிற முதல் கட்டத்தோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றுவிடவும் வழி உண்டு. முதல் செமஸ்டர் போகட்டும், பிறகு யோசி.

அப்பாவிடம் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசு. இன்ஜினியரிங்கில் முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். சேரும் இடத்தில், விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு, அந்த விதியை எழுத்தில் வாங்கிக்கொள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போ.

நூலகத்துக்குப் போகும்போது முடிந்தால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. உன் நல்லதுக்காகத்தான் அவர் பேசுகிறார். நீ எதை விரும்பிப் படிக்கிறாய் என்று அவரே பார்த்துவிட்டால், அப்பாவிடம் உனக்காக அவரே பேசுவார்.