ஷேர்பாயிண்ட் தளத்தில் யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது?

கேள்வி: கோப்புகளைப் பகிர்ந்து வைக்க அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் ஷேர்பாயிண்ட் தளத்தின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்றே புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எடுத்த எடுப்பில் எதையும் நீக்காதீர்கள். முதலில் பாருங்கள். தளத்தின் அனுமதிப் பக்கத்தில் 'செக் பெர்மிஷன்ஸ்' என்றொரு பொத்தான் உண்டு. அதில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால், அவருக்கு என்ன அனுமதி இருக்கிறது, அது எந்தக் குழுவின் வழியாக வந்தது என்று காட்டும். எந்தக் குழுவும் இல்லாமல் நேரடியாகக் கொடுக்கப்பட்டது என்று வந்தால் அந்தப் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கலின் பெரும்பகுதி அந்தப் பெயர்களில்தான் இருக்கும்.

காரணம் இதுதான். தளத்துக்குக் கொடுத்த அனுமதி, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் தானாகவே இறங்கும். யாரோ ஒரு ஃபோல்டரில் மட்டும் அந்தத் தொடர்பை நிறுத்தினால், அந்த நொடியில் மேலே இருந்த அனுமதிகள் எல்லாம் அங்கே நகலாகத் தங்கிவிடும். பிறகு தளத்தின் பட்டியலிலிருந்து ஒருவரின் பெயரை எடுத்தாலும் அந்த ஃபோல்டரில் அவர் பெயர் அப்படியே இருக்கும். அதே ஆளுக்குக் குழு வழியாக அனுமதி கொடுத்திருந்தால் கதை வேறு. குழுவிலிருந்து நீக்கினால் போதும், அந்தக் குழு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவருக்குக் கதவு மூடிவிடும். அதனால் தனி ஆளுக்கு அனுமதி கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் குழுவில் சேர்த்தே கொடுங்கள். தளம் டீம்ஸ் செயலியில் உள்ள ஒரு குழுவோடு இணைந்தது என்றால் ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் டீம்ஸிலேயே நடக்கட்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. தளத்தின் வழக்கமான பயனர்கள் இருக்கும் 'மெம்பர்ஸ்' குழுவுக்கு இயல்பாக இருப்பது 'எடிட்' அனுமதி. அது வெறும் கோப்பைத் திருத்தும் உரிமை அல்ல. கோப்புகள் எல்லாம் இருக்கும் ஒரு ஆவண நூலகத்தையே மொத்தமாக நீக்கவும் அதில் முடியும். நீக்கியவை 93 நாட்கள் வரை ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் நீக்கியதை அதற்குள் யாராவது கவனிக்க வேண்டுமே! கோப்புகளைச் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் வருகிறவர்களுக்கு 'கான்ட்ரிபியூட்' தாராளமாகப் போதும்.

தளத்தில் எதையும் மாற்ற விடும் 'ஃபுல் கன்ட்ரோல்' அனுமதி, ஒருவரின் பதவியைப் பார்த்துக் கொடுக்கும் மரியாதை அல்ல. அறிக்கையை வாசிக்க மட்டும் வரும் மேலாளருக்கு 'ரீட்' போதும். இதை அவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். அந்த 'ஃபுல் கன்ட்ரோல்' உள்ள உரிமையாளர்களாக இரண்டு பேராவது இருக்கட்டும். ஒரே ஒருவர் இருந்து அவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும்.

வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை, வேறு துறைக்கு மாறுகிறவர்களைப் பற்றியது. போகிறவரின் கணக்கு முடக்கப்பட்டுவிடும். மாறுகிறவரின் கணக்கு உயிரோடு இருக்கும், பழைய அனுமதிகளையும் கூடவே கொண்டுபோகும். துறை மாற்ற அறிவிப்பு வெளியாகும்போது உங்களுக்கும் ஒரு பிரதி வர வேண்டும் என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள்.

கோப்பின் இணைப்பை அனுப்புவதும் ஒருவகையில் அனுமதி கொடுப்பதுதான். ஏற்கெனவே அணுகல் உள்ளவர்களுக்கு மட்டும் என்ற வகை இணைப்பு எந்த அனுமதியையும் மாற்றாது. முடிந்த இடத்திலெல்லாம் அதையே பழக்குங்கள்.

சம்பள விவரம் போன்ற ரகசியமான கோப்புகள் இருந்தால், பொதுத் தளத்துக்குள் ஒரு ஃபோல்டரைப் பூட்டி வைக்காதீர்கள். தனித் தளமே தொடங்கிவிடுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது ஒரே பக்கத்தில் தெரியும், அடுத்து பொறுப்புக்கு வருகிறவரும் தேடித் தவிக்க வேண்டியிருக்காது.