வி.ஆர். ஹெட்செட் அணிந்தால் சிலருக்கு மட்டும் குமட்டுவது ஏன்?

கேள்வி: பாபநாசம் அருகே அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். முன்னாள் மாணவர்கள் இரண்டு வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டுகளை வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பினருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் 360 பாகைக் காணொளியைக் காட்டினேன். அதில் கேமரா கருவறை மேலுள்ள விமானத்தை ஒட்டியே மேலெழுகிறது. பெரும்பாலோர் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு மாணவி வாந்தி எடுத்துவிட்டாள். ஒரு மாணவன் பயத்தில் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன், “டி.வி. மாதிரிதான் இருக்கிறது, டீச்சர்” என்றான். பழகப் பழக இவர்களுக்குச் சரியாகிவிடுமா? யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: மூவரிடமும் வெவ்வேறு காரணங்கள் செயல்பட்டிருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் பழக்கமின்மைதான் காரணம் என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

மாணவியிடமிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தை ஒட்டிக் கேமரா எழும்போது, நாம் மேலே போகிறோம் என்று கண்கள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ, உடல் அசையவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்கு முதன்மைக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரு காதுகளிலும் அந்த உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் ஏற்படுவதில்லை என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. உடலை நிலையாக நிறுத்திக்கொள்ள இயலாமையே அடிப்படைக் காரணம் என்று 1991இல் ஆய்வாளர்கள் ரிச்சியோவும் ஸ்டோஃப்ரெகனும் முன்வைத்த மாற்றுக் கருத்தும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், ஹெட்செட் அணிபவரை உட்கார வைப்பது நல்லது என்பதில் வகுப்பறைக்குக் குழப்பம் இல்லை.

முன்கூட்டியே அறிவதற்கு உங்களிடம் எளிய வழியொன்று இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் பேருந்தில் போகும்போது யார் ஜன்னலோர இருக்கை கேட்கிறார்கள், யாருக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றுகிறது என்று விசாரியுங்கள். பயணக் குமட்டல் உள்ளவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஹெட்செட்டிலும் தொல்லை வர வாய்ப்பு அதிகம். இது உறுதியான சோதனை அன்று. ஆனாலும் எச்சரிக்கைக்குப் போதுமானது. வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட்டை அணியவே கூடாது.

பலர் கவனிக்கத் தவறுவது கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மில்லிமீட்டர். பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஹெட்செட்டின் லென்ஸ்கள் அந்த அளவுக்குப் பொருந்தாவிட்டால் படம் மங்கும், கண் வலிக்கும், குமட்டலும் கூடும். வி.ஆர். பெண்களை அதிகம் பாதிக்கிறது என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டதில் இந்தப் பொருத்தமின்மைக்குப் பெரும் பங்கு உண்டு என்று கே ஸ்டானி குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதனால் அந்த மாணவியின் உடல்வாகைக் குறை சொல்வதற்கு முன் கருவியைச் சரிபார்ப்பதே நியாயம். உங்களுடையது மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட் என்றால், லென்ஸ்களை 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில் மாற்றலாம். நெற்றியில் அளவுகோலை வைத்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முறை அளந்து, வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி. மாதிரி இருக்கிறது என்ற மாணவன் சரியாகவே கவனித்திருக்கலாம். 360 பாகைக் காணொளிகளில் பல, இரு கண்களுக்கும் ஒரே படத்தையே தருகின்றன. அவற்றில் ஆழம் தெரியாது. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் தரும் காட்சியொன்றை அவனுக்குக் காட்டிப் பாருங்கள். அதுவும் தட்டையாகவே தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாறுகண்ணோ சிறு வயதில் கவனிக்கப்படாத சோம்பேறிக் கண்ணோ (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத நிலை) இருந்தால், இரு கண் பார்வையால் ஆழத்தை உணரும் திறன் குறைந்திருக்கும். கண்ணில் குறையே இல்லாமலும் சிலர் காட்சியில் ஒன்றுவதில்லை. அது அவரவர் இயல்பு.

பயந்த மாணவனின் நிலை இதற்கு நேரெதிர். தான் வகுப்பறையில் இருப்பதை அறிந்திருந்தும், காட்சி நடக்கும் இடத்தில் இருப்பதாகவே உணர்வதை வி.ஆர். ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் விரிவாக விளக்கியிருக்கிறார். உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு வி.ஆர். வழியே சிகிச்சை அளிக்கலாம் என்பது 1990களிலேயே காட்டப்பட்டதும் இந்த உணர்வின் வலிமையால்தான். ஆனால் அந்தச் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் உடனிருக்க, படிப்படியாக நடப்பது. வகுப்பில் நண்பர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, “பயப்படாமல் பாருடா” என்று சொல்வதை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. அவனுக்குத் தரைமட்டத்துப் பிராகாரக் காட்சியே போதும்.

பழகினால் சரியாகுமா என்பதற்கு, குமட்டலைப் பொறுத்தவரை பெரும்பாலோருக்கு ஆம் என்பதே விடை. ஆனால் பொறுத்துக்கொண்டு பார்க்கச் சொல்வது பழக்கப்படுத்துவது ஆகாது. குமட்டலோடு நீடித்தால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். கொட்டாவி, வியர்வை, முகம் வெளுத்தல், வாயில் எச்சில் ஊறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கழற்றச் சொல்லுங்கள். கேமரா ஓரிடத்தில் நிற்கும் காட்சிகளையே முதலில் தேர்ந்தெடுங்கள். அசைவு உள்ள செயலிகளில் கட்டுப்படுத்தும் கருவியை மாணவரின் கையிலேயே கொடுங்கள். பேருந்து ஓட்டுநருக்குக் குமட்டாததைப் போல, அடுத்த திருப்பத்தைத் தானே தீர்மானிப்பவருக்குத் தொல்லை குறைவு.

இவ்வளவு செய்தும் அந்த மாணவிக்கு ஒத்துவராவிட்டால், அதே காணொளியைப் புரொஜெக்டரில் காட்டுங்கள். பாடத்தில் அவள் இழப்பது அதிகமில்லை. தடுமாற்றம் சிலருக்குக் கழற்றிய பின்னும் நீடிக்கும் என்பதால், வி.ஆர். வகுப்பைக் கடைசிப் பாடவேளையில் வைக்காதீர்கள். சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் தலை தெளிய நேரம் வேண்டும்.