ஒரே அறிக்கை, இரண்டு தலைப்பு
வாசகர் கேள்வி – பதில்: கோவிட் கொள்ளைநோய்க் காலமும் கட்சிச் சாயம் பூசிய செய்திகளும்

கேள்வி: சுகாதாரத் துறை வெளியிடுவது ஒரே அறிக்கைதான். ஒரு சேனல் ‘தொற்று இரு மடங்கு’ என்கிறது, இன்னொன்று ‘தொற்று விகிதம் சரிவு’ என்கிறது. இதில் யார் சொல்வது பொய்?

பதில்: பெரும்பாலும் இருவருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்கலே அதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்ற வாரம் 10,000 பேரைப் பரிசோதித்ததில் 500 பேருக்குத் தொற்று. அதாவது நூற்றுக்கு 5. இந்த வாரம் 25,000 பேரைப் பரிசோதித்ததில் 1,000 பேருக்குத் தொற்று; நூற்றுக்கு 4. ஆட்சிக்கு எதிரானவர் 500, 1,000 என்ற எண்களை எடுத்துக்கொள்கிறார். ஆட்சிக்கு வேண்டியவர் 5, 4 என்பதை எடுத்துக்கொள்கிறார். பரிசோதனை இரண்டரை மடங்கானது என்பதை இருவரும் சொல்வதில்லை.

எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்குத் தொற்று, மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் சென்ற வாரத்து எண்களோடு சேர்த்துக் கேளுங்கள். மூன்றில் நான் அதிகம் நம்புவது கடைசி எண்ணை. பரிசோதனையைக் கூட்டினாலும் குறைத்தாலும், மூச்சுத் திணறி வருகிறவர்களின் எண்ணிக்கை மாறாது. படுக்கைகள் நிரம்பிவிட்டால் மட்டும் இதுவும் ஏமாற்றும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ‘சேர்க்கை குறைந்தது’ என்று தலைப்புப் போட்டுவிடலாம்!

தொற்று விகிதத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. கட்டுப்பாடுகளைத் தளர்த்த நினைக்கும் அரசுகளுக்கு 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அடையாளங்களில் ஒன்று, அந்த விகிதம் தொடர்ந்து 2 வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. பரிசோதனை பரவலாக நடந்தால்தான் இதற்கு அர்த்தம். இன்னொன்று: வார இறுதியில் ஆய்வகங்களில் வேலை குறையும், அடுத்த ஓரிரு நாளில் எண்ணிக்கை சரியும், வார நடுவில் தேங்கியதெல்லாம் சேர்ந்து ஏறும். ‘ஒரே நாளில் பாதியாகக் குறைந்தது’ என்பதையும் ‘ஒரே நாளில் உச்சம்’ என்பதையும் கண்டால் 7 நாள் சராசரியைத் தேடுங்கள்.

கேள்வி: ‘இறந்தவர்களில் பாதிக்கும் மேல் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. எண் சரிதான் என்கிறார்கள். அப்படியானால் ஊசியால் பயனில்லையா?

பதில்: எண் சரியாக இருக்கலாம், அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 9 லட்சம் பேர் ஊசி போட்டவர்கள், 1 லட்சம் பேர் போடாதவர்கள். ஒரு மாதத்தில் போட்டவர்களில் 45 பேரும் போடாதவர்களில் 40 பேரும் இறக்கிறார்கள். மொத்தம் 85 பேரில் 45 பேர் ஊசி போட்டவர்கள், தலைப்பு தயார். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: போட்டவர்களில் 5, போடாதவர்களில் 40. எட்டு மடங்கு வித்தியாசம். ஊரில் எல்லோருமே ஊசி போட்டுவிட்டால், இறப்பவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

வயதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதியவர்களே முதலில் ஊசி போடுகிறார்கள், நோயால் அதிகம் இறப்பவர்களும் அவர்களே. எல்லா வயதையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் ஊசிதான் ஆளைக் கொல்கிறது என்பதுபோல் தோன்றும்.

ஊசியை ஆதரித்த தரப்பும் சுத்தமில்லை. ஃபைசர்–பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் தலா 18,000 பேர் அளவுள்ள இரண்டு அணிகள். ஊசி பெற்ற அணியில் 8 பேருக்கும் மற்ற அணியில் 162 பேருக்கும் அறிகுறியோடு நோய் வந்தது. ஊசியின் பலன் 95 சதவீதம் என்பது இந்த ஒப்பீட்டிலிருந்து வந்த எண். அதை ‘இனி தொற்றே வராது’ என்று எழுதிய இடங்களில், பின்னால் தொற்று வந்தபோது வாசகர்கள் ஊசியையே சந்தேகித்தார்கள். நல்ல நோக்கத்தோடு மிகைப்படுத்தியதும் கெடுதல்தான்.

கேள்வி: இறப்பு எண்ணிக்கையில் ஆளுங்கட்சிப் பத்திரிகை ஒன்றும் எதிர்க்கட்சிப் பத்திரிகை வேறொன்றும் சொல்கின்றன. எதை நம்புவது?

பதில்: எந்தத் தேதிப்படி, எந்த வரையறைப்படி என்று முதலில் பாருங்கள். இன்று அறிவிக்கப்பட்ட 120 மரணங்களில் 70 போன மாதத்து நிலுவையாக இருக்கலாம். அதை ‘ஒரே நாளில் 120 பேர் பலி’ என்றால் தவறு. நிலுவையே சேராத நாளை ‘இறப்பு குறைந்தது’ என்றாலும் தவறு. வரையறை மாறினாலும் எண் மாறும். 2020 ஆகஸ்டில் பிரிட்டன், தொற்று உறுதியாகி 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று மாற்றிக்கொண்டது. அதில் மொத்தக் கணக்கிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட மரணங்கள் ஒரே நாளில் நீங்கின. இதை மூடிமறைப்பு என்றோ, பழைய கணக்கே புரட்டு என்றோ எழுதுவது எளிது. இரண்டு வரையறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவதுதான் வாசகருக்கு உதவும்.

இந்தச் சண்டையைத் தாண்டிப் பார்க்க ஒரு வழி, மிகை மரணக் கணக்கு. வழக்கமான ஆண்டுகளில் இதே வாரத்தில் எல்லாக் காரணங்களாலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற சராசரியை, இந்த ஆண்டின் எண்ணிலிருந்து கழியுங்கள். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் இப்படி உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது சுமார் 1 கோடியே 49 லட்சம். நாடுகள் கோவிட் மரணம் என்று அறிவித்தது சுமார் 54 லட்சம். இதிலும் ஒரு பொறி உண்டு. இறப்புப் பதிவு முடியச் சில வாரங்கள் ஆகும், ஆகவே வரைபடத்தின் கடைசி வாரங்கள் எப்போதும் இறங்குமுகமாகவே தெரியும். அந்தச் சரிவைக் காட்டி வெற்றி கொண்டாடும் செய்தியை நம்பாதீர்கள்.

கேள்வி: ஒரு மருந்தைத் தலைவர் ஒருவர் புகழ்கிறார், அவருடைய தரப்பு அதை அற்புத மருந்து என்கிறது, எதிர்த்தரப்பு விஷம் என்கிறது. டாக்டருக்குப் படிக்காதவர்கள் எப்படி முடிவு செய்வது?

பதில்: மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதையைப் பாருங்கள். அது கோவிட் கிருமியைக் குறைக்கிறது என்று 2020 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இறுதிக் கணக்கில் இருந்தவர்கள் 36 பேர் மட்டுமே. மருந்து பெற்ற 26 பேரில் 6 பேரைக் கணக்கில் சேர்க்கவில்லை; அந்த ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். அமெரிக்க அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப் மருந்தைப் புகழ்ந்ததும் அது கட்சிக்கொடி ஆகிவிட்டது. மே 22ஆம் தேதி ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி, மருந்தால் இறப்பு கூடுகிறது என்ற கட்டுரை வந்தது. எதிர்த்தரப்பு ஊடகங்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. மூலத் தரவைச் சரிபார்க்கக் கேட்டபோது, அதைத் தந்த நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பிரான்ஸ் ஆய்வும் 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

இடையில் பிரிட்டனின் ‘ரிகவரி’ சோதனை சத்தமில்லாமல் கேள்வியை முடித்துவைத்திருந்தது. குலுக்கல் முறையில் பிரித்ததில் 1,561 பேருக்கு மருந்து, 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் முதல் அணியில் 27 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் உயிரை அந்த மருந்து காக்கவில்லை. இரு தரப்பும் அவரவருக்குப் பிடித்த முடிவு வந்த அன்று கேள்வி கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மருந்துச் செய்தி வந்தால் கேட்க வேண்டியவை: எத்தனை பேர்? மருந்து பெறாத அணி இருந்ததா? யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்களா, மருத்துவர் பார்த்துக் கொடுத்தாரா? அளந்தது உயிர் பிழைத்ததையா, மூக்கில் எடுத்த மாதிரியில் கிருமி குறைந்ததையா? பாதியில் விடப்பட்டவர்கள் யார்? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை.

கேள்வி: எண்ணே இல்லாத செய்தியில் சார்பை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: வினைச்சொல்லைப் பாருங்கள். ‘நாளை மறுநாள் ஆக்சிஜன் வசதியோடு 200 படுக்கைகள் வரும்’ என்று அமைச்சர் சொல்கிறார். ஒரு பத்திரிகையில் ‘அமைச்சர் உறுதி’, இன்னொன்றில் ‘அமைச்சர் தகவல்’, மற்றொன்றில் ‘அமைச்சர் சமாளிப்பு’. ‘அதிரடி’, ‘பகீர்’, ‘திணறல்’ போன்ற சொற்களைப் பேனாவால் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள், மிஞ்சுவதுதான் செய்தி.

அடுத்து, முதல் மூன்று பத்தியில் யார் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள். 2020 மார்ச் முதல் மே வரையிலான அமெரிக்கச் செய்திகளை ஆராய்ந்தவர்கள், பத்திரிகைகளில் விஞ்ஞானிகளைவிட அரசியல்வாதிகளே அதிகம் இடம்பெற்றதைக் கண்டார்கள். முகக்கவசத்தைப் பற்றி இரு கட்சிக்காரர்கள் மட்டும் பேசினால், படிப்பவரும் கட்சி பார்த்தே முகக்கவசம் அணிவார்.

உங்கள் பத்திரிகையைச் சோதிக்க 14 நாள் போதும். எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டை எடுத்து, ஒவ்வொரு செய்திக்கும் தேதி, பக்கம், தலைப்பின் வினைச்சொல், முதலில் பேசுபவர், எண்ணோடு ‘எத்தனை பேரில்’ என்பது இருக்கிறதா என்று ஐந்து கட்டம் போடுங்கள். அதே பட்டியலை மாற்றுக் கருத்துள்ள நண்பர் ஒருவரும் தனியாகப் போடட்டும். பத்தில் எட்டிலாவது இருவரும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் அளந்தது உங்கள் சொந்தச் சாய்வைத்தான்.

கேள்வி: விவாத மேடையில் இரு தரப்பையும் உட்கார வைத்தால் நடுநிலைதானே?

பதில்: ஊரடங்கு எத்தனை நாள், பள்ளியைத் திறப்பதா என்பவற்றில் ஆமாம், அவை மதிப்பீடு சார்ந்த கேள்விகள். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஆளுக்குப் பத்து நிமிடம் தருவது நடுநிலை ஆகாது.

கேள்வி: தவறான எண்ணைக் கண்டால் பத்திரிகைக்கு எழுதினால் பலன் உண்டா?

பதில்: உண்டு, எழுதும் விதத்தில் எழுதினால். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு தவறு. தேதி, பக்கம், அச்சான வாக்கியம், சரியான எண், அந்த எண் உள்ள அரசு அறிக்கையின் நகல், இவ்வளவுதான். ‘நீங்கள் இன்ன கட்சியின் ஊதுகுழல்’ என்ற வரியைச் சேர்த்தால் ஆசிரியர் மேசையில் கடிதம் அங்கேயே நின்றுவிடும். இணையச் செய்தியானால் அனுப்புவதற்கு முன் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திருத்தம் என்ற குறிப்பே போடாமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டால், அதைக் காட்டிக் கேட்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.