டேப் பிடிச்சு அளந்த கப்பல்

கேள்வி: தண்ணிக்குள்ள எடுத்த அளவை வச்சு முழுகின கப்பலை கம்ப்யூட்டர்ல எப்படி உருவாக்குறாங்க?

பதில்: 1545ல இங்கிலாந்துல சோலன்ட் கடல்ல முழுகி 1982ல மேல தூக்கின மேரி ரோஸ்ங்கிற போர்க்கப்பலையே எடுத்துக்குவோமே. மொதல்ல கப்பல் மேல அங்கங்க நிலையான புள்ளி அடிச்சுக்குவாங்க, அப்புறம் டைவர் கலங்கின தண்ணியில டேப்பைப் பிடிச்சு ஒரு பலகையோட மூலைக்கு மூணு புள்ளியில இருந்து, முடிஞ்சா நாலுல இருந்து தூரம் அளப்பார், அந்த நாலாவது அளவுதான் உயிர்நாடின்னு நான் சொல்வேன், ஏன்னா டேப் எங்கயாவது மாட்டி வளைஞ்சிருந்தா மத்ததோட ஒத்துப்போகாம உடனே காட்டிக்குடுத்துடும். இந்த தூரங்களை வச்சு ஒவ்வொரு மூலையும் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அந்த மூலைகளைக் கோர்த்தா விலாமரங்களோட, அதாவது கப்பலுக்கு விலா எலும்பு மாதிரி இருக்குற மரங்களோட, வளைவு கிடைக்கும். மிஞ்சினது பெரும்பாலும் வலது பக்கம்தான், அதையே கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பினா இடது பக்கம் வந்துடும். ஆனா சேத்துல கிடந்த மரம் தொய்ஞ்சிருக்குமே, அதை நிமித்த பழைய தச்சு வேலை தெரிஞ்சவங்க கண்டிப்பா வேணும்.