ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாசனை

கெட்டுப்போகலைங்க, கொட்டிடாதீங்க. ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பணும்னு பீய்ச்சி வெச்ச பால் மறுநாள் சோப்பு மாதிரி மணக்குது, பாப்பா பாலாடையைத் தள்ளிவிடுதுன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் இது லைப்பேஸ் வேலை. தாய்ப்பாலிலேயே இருக்கிற நொதி, கொழுப்பை உடைக்கும்; அதான் இந்த மணம். உங்க மாமியார் சொல்ற கருவாட்டுக் குழம்பு மேல பழி போட வேண்டாம்!

பீய்ச்சின உடனே ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க. ஃப்ரிட்ஜில் வெச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடியும். முதல்ல இனிப்பு, போகப்போக சோப்புன்னா அதேதான்.

அப்படின்னா, பீய்ச்சினதும் சின்னக் கிண்ணத்துல ஓரமா பொடிக்குமிழி வர்ற வரைக்கும் சுட வெச்சு (பொங்க விடாதீங்க), சட்டுனு ஆறவெச்சு ஃப்ரிட்ஜில் வையுங்க. சத்து கொஞ்சம் குறையும், அதனால பாப்பா குடிக்க மறுத்தா மட்டும். ஏற்கெனவே மணக்கிற பாலைச் சுட வெச்சுப் பிரயோஜனமில்லை.

புளிச்ச தயிர் வாடை அடிச்சா கொட்டிடுங்க. பீய்ச்சின பால் வெளியில 4 மணி நேரம் தாங்கும்ங்கிறது 25 டிகிரிக் கணக்கு. நம்ம வேலூர் மே மாசத்துக்கு அது செல்லாது. கம்பெனிக்கு ஐஸ் போட்ட டப்பா எடுத்துட்டுப் போங்க.